படகு டப்பாவைக் காப்பாற்றிய கதை

வெளிநாட்டில் டிரேட்மார்க் வாங்கிக் கொடுப்பது பெரிய வித்தையில்லை. வாங்கியதைக் கட்சிக்காரரிடமிருந்து காப்பாற்றுவதுதான் வித்தை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸ் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இதுவரை ஒன்றையும் கோட்டை விட்டதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கை நழுவப் பார்த்தது.

படகு எங்கே?

மண்டபத்தூர் மலர்க்கொடி அக்காவின் மீன்குழம்புப் பொடிக்குப் பிரான்சில் நல்ல கிராக்கி. டப்பாவில் பெயர்கூடக் கிடையாது, அவர்கள் வீட்டு மரப்படகின் படம்தான். அந்தப் படத்தைத்தான் பதிவு செய்திருந்தேன். அங்கே நம் ஆட்கள் கடையில் "படகு டப்பா" என்றுதான் கேட்பார்கள். தானும் ஒரு படகு போட்டு விற்க ஆசைப்பட்ட போட்டிக்காரர், இந்த மார்க் ஐந்து வருஷமாகப் புழக்கத்திலேயே இல்லை, ரத்து செய்யுங்கள் என்று மனுப் போட்டுவிட்டார்.

புழக்கத்தில் இல்லையாமே! சிரித்துக்கொண்டே அக்காவிடம் ஒரு டப்பா கேட்டேன். வந்த டப்பாவில் இரண்டு இன்ஜின் வைத்த ஃபைபர் படகு. மூன்று வருஷமாக இந்தப் படம்தானாம். பதிவு செய்த படம் டப்பாவிலேயே இல்லை. பதிவு போனால் அவரிடம் பொடி இடிக்கும் எட்டுப் பெண்களுக்கும் வேலை போய்விடும். "ஏங்க்கா மாத்துனீங்க?" என்று கத்தியேவிட்டேன். அக்கா அசரவில்லை.

"மரப்படகைத்தான் வித்தாச்சே தம்பி. இல்லாத படகைப் போட்டு சனங்கள ஏமாத்தச் சொல்றீங்களா?"

உப்பு டப்பா

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் மாற்றினார் என்றால், அதற்கு முந்தைய இரண்டு வருஷம் பழைய படம்தானே? ஐந்து வருஷத்துக்குள் கொஞ்ச காலம் புழங்கியிருந்தாலும் பதிவு தப்பிக்கும். பிரான்சுக்கு அனுப்பிய பில்கள் இருந்தன. பழைய படம் போட்ட டப்பா ஒன்று தேதியோடு அகப்பட்டால் போதும். ஆனால் அக்கா மிச்ச லேபிளையெல்லாம் அடுப்பில் போட்டிருந்தார்.

விடுவேனா? கோட்டுச்சேரி, திருவேட்டக்குடி என்று, பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். நான்காம் நாள் கோட்டுச்சேரிப் பெண் ஒருத்தி பாரிஸிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினாள். மரப்படகு, நான்கு வருஷத்துக்கு முந்தைய பேக்கிங் தேதி, அந்த ஊர்க் கடையின் விலை ஸ்டிக்கர், உள்ளே கல்லுப்பு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டப்பாவை அங்கிருக்கும் வக்கீலிடம் கொடுத்துவிடச் சொன்னேன்.

"போட்டோ எத்தனை வேணாலும் எடுத்துத் தர்றேண்ணே, டப்பாவைக் கேக்காதீங்க. இந்த மாதிரி இறுக்கமான மூடி இங்க கிடைக்கல."

கீழே ஒரு வரி

போட்டோவும் பில்களுமே போதுமானதாக இருந்தன. போட்டிக்காரரின் மனு தள்ளுபடி. வெற்றியைச் சொல்லப் போன இடத்தில் அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: இனி எந்தப் படகை விற்றாலும் வாங்கினாலும், டப்பாவில் பழைய படகுதான். அக்காவுக்கு மனசே இல்லை. இடித்துக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த மாதம் புது டப்பா வந்தது. மரப்படகு அச்சு அசலாக அப்படியே இருந்தது. அதற்கடியில் தமிழிலும் பிரெஞ்சிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இந்தப் படகு இப்போது எங்களிடம் இல்லை.' என்னக்கா இது என்றேன்.

"படத்த நீங்க கேட்டீங்க, போட்டேன். உண்மைய யாரும் கேக்கல, நானே போட்டுக்கிட்டேன்."

போட்டிக்காரரை எப்படியாவது ஜெயித்துவிடலாம், யோக்கியமான கட்சிக்காரரிடம்தான் நம் பாச்சா பலிக்காது.