ஒட்வார் வெட்டாத மரம்

ஒட்வாருக்கு வாய்த்தது திருட்டு முகம். கண் இரண்டும் நெருங்கி, புருவம் தடித்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, சும்மா நின்றாலே எதையோ ஒளித்து வைத்திருப்பவர் மாதிரி இருப்பார். அவருடைய ஊரான ஹெல்லவோக்கில் கோடைதோறும் ஊர்க்காரர்களே சேர்ந்து போடுகிற சரித்திர நாடகத்தில், ராஜாவைக் காட்டிக்கொடுக்கும் வேஷம் அவருக்குத்தான். மற்ற வேஷங்களுக்கு ஆள் எடுக்க ஒத்திகை பார்ப்பார்கள். இவருக்குப் பார்த்ததில்லை.

பிழைப்பு, மலைகளுக்கு நடுவே நீண்டு புகுந்த கடலான ஃபியோர்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கார்களை ஏற்றிப் போகும் படகில். மஞ்சள் மேல்சட்டையோடு மழையில் நின்று, எந்த வண்டி எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கை காட்டுகிற வேலை. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, அவரும் படிக்கவில்லை.

ஒருநாள் அப்படிக் கை காட்டும்போது ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே யோர்டிஸ். பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி.

"உங்க முகத்தைப் பார்த்தா நீங்க சொல்ற எதையும் நம்பத் தோணலை," என்றார்.

"மூணாவது வரிசைக்குப் போங்கன்னுதானே சொன்னேன்?"

"அதைக்கூட நம்பலை. என் வகுப்புக்கு ஒரு குற்றவாளி வேணும். வர்றீங்களா?"

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வருகிறேன் என்று சொல்லி ஒட்வார் அவரை அனுப்பிவிட்டார். அப்படித்தான் ஒட்வார் சட்டக் கல்லூரிக்குள் போனது.

யோர்டிஸின் பாடம் மற்ற வாத்தியார்களுக்கு ஆகாது. சட்டம் படிக்க வந்த பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை படிக்கச் சொல்வார், நாடகம் பார்க்கச் சொல்வார். பழைய ஓவியம் ஒன்றை மாட்டி, தீர்ப்புச் சொல்லும் நீதிபதி ஏன் சன்னல் பக்கம் பார்க்கிறார் என்று பாடவேளை முழுக்கப் பேசவைப்பார். "அடுத்து டான்ஸும் சொல்லித் தருவாளாமா?" என்று ஆசிரியர் அறையில் கேலி நடக்கும். அவர் கண்டுகொள்வதில்லை. "எத்தனை வருஷம் உள்ளே போடணும்னு சட்டப் புத்தகத்துல போட்டிருக்கு. எதிர்ல நிக்கிறவன் சொல்ற கதையை எப்படிக் கேக்கறதுன்னு போடலை," என்பார்.

பாடம் மே மாதத்தில் நூலகக் கூடத்தில் ஒரு பாவனை வழக்கோடு முடியும். ஊர்ச்சனம் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வழக்கு ஒவ்வொரு வருஷமும் அதேதான். அண்ணனின் படகுக் கொட்டகை எரிந்துபோனது. மண்ணெண்ணெய் டப்பாவோடு தம்பியைப் பார்த்திருக்கிறார்கள். தம்பி ஒட்வார். எழுதிக்கொடுத்த வசனம் கிடையாது. கொளுத்தினோமா இல்லையா என்பதை அவரே மனசுக்குள் முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும், யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. பிள்ளைகள் அவரைக் குடைந்து கேட்பார்கள். பிறகு நடந்ததை அண்ணன் வாயால் ஒரு தடவை, தம்பி வாயால் ஒரு தடவை கதையாக எழுதுவார்கள். அதற்கப்புறம்தான் தீர்ப்பு.

ஒட்வாருக்கு இது பிடித்துப்போயிற்று. ஒரு வருஷம் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரை விடுதலை செய்தாள். அந்த வருஷம் அவர் கொளுத்தியிருந்தார்.

இரண்டாவது வரிசையில் கையில் வாஃபிளோடு தவறாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து வீட்டு ஸ்டைனார். மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். சனிக்கிழமைதோறும் ஒட்வார் வீட்டில்தான் அவருக்குக் காபி. வழக்கு முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் பாராட்டுவார்.

"டேய், செத்துப்போன அம்மாவைப் பத்திச் சொல்லும்போது ஒரு நிறுத்து நிறுத்தினே பாரு, எனக்கே நெஞ்சை அடைச்சுது. உங்கம்மா நேத்து என்னை வழியில நிறுத்தித் திட்டினாங்க, அது வேற விஷயம்."

இவ்வளவு சிநேகத்துக்கும் நடுவில் ஒரு மரம் இருந்தது. ஸ்டைனார் பக்கத்து வேலியோரம் நின்ற மேப்பிள் மரம். இலை விட்டதும் நிழல் முழுக்க ஒட்வாரின் வராந்தாவில் விழும். "இந்த ஊருக்கு வெயில் வர்றதே ஒரு மாசம், அதையும் உன் மரம் தின்னுது. ஒருநாள் இல்லே ஒருநாள் அறுத்துத் தள்றேன் பாரு," என்று வருஷா வருஷம் சொல்லிவந்தார். நாலு பேர் கேட்கத்தான் சொன்னார்.

முழங்கால் வலிக்கு வெயில் நல்லது என்று குளிர்காலத்தில் ஸ்டைனார் கிரான் கனாரியா தீவுக்குப் போனார். ஒட்வார் படகிலேயே தங்கி ஒரு வார வேலை பார்த்துவிட்டு வீடு வந்தபோது மரம் பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அடியில் ரம்பத்தால் அறுத்த வெட்டு. மேலே புதுப் பனி, ஒரு காலடித் தடமும் இல்லை.

மனுஷன் அப்போது கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஓய்வெடுக்கப் போனவர் மனசு கெட வேண்டாம் என்று போனில், "உன் மரம் விழுந்துடுச்சு," என்று மட்டும் சொன்னார். பிறகு தன் ரம்பத்தை எடுத்து வந்து மரத்தைத் துண்டு போட்டு, ஸ்டைனாரின் சுவரோரம் விறகாக அடுக்கிவைத்தார். பட்டை மேலே பார்க்க, ஓரம் பிசகாமல். அந்தத் தெருவில் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

ஸ்டைனார் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பினார். அடிமரத்தைப் பார்த்தார், விறகைப் பார்த்தார்.

"விழுந்துச்சுன்னு சொன்னே. அறுத்திருக்கு."

"நான் அறுக்கலை."

"விறகு அடுக்கினது?"

"நான்தான்."

"ரம்பம்?"

"என்னுது. ஆனா மரத்தை நான் வெட்டலை, ஸ்டைனார். சத்தியமா."

இரண்டாவது வரிசையிலிருந்து பார்ப்பது போல ஸ்டைனார் அவரைப் பார்த்தார். "நல்லாத்தான் சொல்றே. போன மே மாசமும் இதே மாதிரிதான் சொன்னே."

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒட்வார் வெட்டவில்லை. யார் வெட்டியது என்று இன்றுவரை தெரியாது.

ஸ்டைனார் விஷயத்தை ஊர்ச் சமரச மன்றத்துக்குக் கொண்டுபோனார். மன்றம் என்றால் அங்கி போட்டவர்கள் யாரும் இல்லை. ஊர்க்காரர்கள் மூன்று பேர், ஒரு மேசை, ஒரு காபி பிளாஸ்க். தலைமையில் குன்வோர், முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். வழக்காடிய இரண்டு தலைக்கும் முடி வெட்டுவது அவள்தான்.

"ஒட்வார், இது நூலகக் கூடம் இல்லை. நடிக்காம சொல்லு," என்றாள்.

ஒட்வார் வாயைத் திறந்தார். நடிக்காமல் எப்படிப் பேசுவது என்று யோசித்தார். அவளை நேராகப் பார்த்தால் நடிப்பு மாதிரி இருந்தது. குனிந்தால் அதைவிட நடிப்பாக இருந்தது. தன் பெயரையே இரண்டு தடவை சொன்னார். மரம் என்பதற்குப் படகு என்றார். வியர்த்துவிட்டது.

மன்றத்தில் இருந்த இன்னொருவர் குன்வோரிடம் குனிந்து, "என்னமா பண்றான் பாரேன். நடிக்கத் தெரியாதவன் மாதிரியே நடிக்கிறான்," என்றார்.

பார்த்த சாட்சி இல்லை, அந்த வாரம் முழுக்க ஒட்வார் படகில் இருந்ததற்குக் கையெழுத்து இருந்தது. ஆனாலும் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை இருபது நிமிஷம்தானே என்றார் ஸ்டைனார். ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்று மூடிவிட்டார்கள்.

"சட்டப்படி நீ வெட்டலை. போய்ட்டு வா," என்றாள் குன்வோர்.

"நிஜமாவும் வெட்டலை."

"அதுக்கு வேற ஆபீஸ்ப்பா."

சனிக்கிழமைக் காபி நின்றுபோனது. ஒட்வாருக்கு மன்றம் சொன்னதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த ஒரு ஆள் "சரி, நம்பறேன்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில் வராந்தா முழுக்க வெயில் விழுந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கு நாள் நெருங்கியதும் யோர்டிஸ் தேடி வந்தார்.

"நான் வரலை. பொய்யை எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. உண்மை ஒண்ணே ஒண்ணு சொன்னேன், வாங்க ஆளில்லை," என்றார் ஒட்வார்.

அதைக் குறித்துக்கொள்ள யோர்டிஸ் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க!"

வேலிக்கு அந்தப் பக்கம் பாதையைக் கூட்டிக்கொண்டிருந்த ஸ்டைனார் தலையைத் தூக்கினார். "குற்றவாளிதானே வேணும்? நான் வர்றேன். நின்னு கதை விடறது என்ன பெரிய வித்தையா?"

ஸ்டைனாருக்குப் பாதிரியார் மாதிரி முகம், வெள்ளை முடி. கொளுத்தவில்லை என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டு போய் நின்றார். ஒட்வார் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"மண்ணெண்ணெய் எதுக்கு வாங்கினீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"விளக்குக்கு."

"வீட்ல கரண்ட் இருந்துச்சே?"

"கரண்ட் போயிருந்துச்சும்மா. எனக்குத் தெரியாதா? ஆயுசு பூரா கம்பி இழுத்தவன்!"

"கதையில நீங்க மீன் பிடிக்கிறவர்."

"சரி, மீன் பிடிக்கிறவன்! கரண்ட் போயிருந்துச்சு!"

"ஏன் கோவப்படறீங்க?"

"கோவப்படலை!" என்று மேசையைக் குத்தினார். தண்ணீர்க் குவளை உருண்டது. பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதினார்கள்.

ஏகமனதாகக் குற்றவாளி. இவ்வளவு நல்லவராகத் தெரிகிறவர் எதையோ மறைக்கிறார் என்று காரணம் சொன்னார்கள்.

சாயங்காலம் ஒட்வார் வீட்டுக் கதவு இடிபட்டது. ஸ்டைனார் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"நான் கொளுத்தலைடா!"

"உக்காரு."

"அவ்வளவு சொல்றேன், காதுலயே போட்டுக்கலை. நான் வாயைத் திறந்தாலே எழுதறாங்க. என்னத்தை எழுதறாங்க?"

"எனக்குத் தெரிஞ்சுது, நீ கொளுத்தலைன்னு."

"எப்படி?"

"கொளுத்தினவன் இன்னும் நல்லாச் சொல்லியிருப்பான்."

ஸ்டைனார் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். இன்னொன்றின் கயிறு கையிலேயே இருந்தது.

"குன்வோர் முன்னால நீ படு கேவலமாச் சொன்னே."

"ஆமா."

"மரத்தைப் படகுன்னே."

"ஆமா."

"நிஜமாவே நீ வெட்டலையா?"

"இல்லை."

"சரி," என்றார் ஸ்டைனார். இரண்டாவது பூட்ஸையும் கழற்றி வைத்தார்.

ஒட்வார் காபி போட்டார், பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்தார்.

"அப்ப யாருடா வெட்டினது?" என்றார் ஸ்டைனார்.

"குன்வோர் புருஷன் புதுசா ஒரு ரம்பம் வாங்கினான்."

"ஆமா, வாங்கினான். எதிர்வீட்டுக்காரன் மட்டும் யோக்கியனா? இலை அவன் கூரையில விழுதுன்னு புலம்பிக்கிட்டே இருந்தான்."

"தபால்காரன் வண்டி திருப்ப அந்த மரம் இடைஞ்சலா இருந்துச்சே."

"அவன் மூஞ்சியே சரியில்லை."

கெண்டி காலியாவதற்குள் தெருவில் பாதிப்பேருக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள். மீதிப்பேரை அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள்.