போகியன்று காணாமல் போன குப்பை

கௌரியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் கை ராசியான கை. திருத்தணி மலையடிவாரத்துக் குக்கிராமங்களில் யாருக்கு இடுப்பு வலி எடுத்தாலும் முதலில் அவளைத் தேடித்தான் ஆள் ஓடும். மற்ற நாளெல்லாம் களை எடுக்கவும் வேர்க்கடலை பிடுங்கவும் போவாள். பிரசவம் பார்த்தால் புண்ணியம் சேரும், வயிறு நிறையுமா?

ஐரோப்பாவில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் அது. அந்த மார்கழி முழுக்க அப்படி ஒரு பனி! வெயில் ஏறுகிற நேரத்திலும் மலை தெரியாது. எதிரே வருவது மனுஷனா மாடா என்று இருமினால்தான் தெரியும். போகியன்று விடிந்ததும் அந்தப் பனிக்குள்ளிருந்து பெருமாள் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, தமயந்திக்கு வலி எடுத்துடுச்சி. சீக்கிரம் வாங்கக்கா!"

புருஷனும் பெண்டாட்டியும் இந்தப் பிள்ளைக்காக வேண்டாத சாமியில்லை. முதல் பிள்ளை பத்தாம் நாளே போய்விட்டது. அடுத்தது ஒரு மாசம்கூடத் தங்கவில்லை. இப்படிப் பறிகொடுத்த வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுக்க வேண்டும், வேற்றாள் ஒருத்தி தவிடு கொடுத்து அதை வாங்க வேண்டும். 'சீ, குப்பையில கிடக்கறது நமக்கெதுக்கு' என்று எமன் திரும்பிவிடுவானாம். தமயந்தி அந்த ஒரு நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொம்பளைப் பிள்ளை பிறந்தது. கைக்கு அடங்குகிற அளவுதான். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அதோடு சரி. தமயந்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குப்பையில போட்டு எடுத்துகினு வாங்கக்கா. அப்புறமாத்தான் மூஞ்சியப் பாப்பேன். பாத்துட்டு ரெண்டு வாட்டி பறிகொடுத்தது போதும்."

கௌரியம்மாள் பிள்ளையைப் பழைய வேட்டியில் சுற்றி, முறத்தில் வைத்துப் புழக்கடைக்கு வந்தாள். குப்பைமேடு இருந்த இடம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"எங்கய்யா குப்பை?"

பெருமாள் தலையைச் சொறிந்தான். "போகியாச்சேன்னு விடியறதுக்கு முன்னாடியே வாசல்ல கொட்டிக் கொளுத்திட்டேங்கக்கா. புள்ள பொறக்கற வீடு, சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"அட பாவி மனுஷா! வருஷம் பூரா துடைப்பத்தைத் தொடாத ஆளு, இன்னைக்குத்தானா உனக்குச் சுத்தம் வந்துச்சி?"

பெருமாள் தெருவெல்லாம் ஓடினான். போகியன்று எந்த வீட்டில் குப்பை மிஞ்சும்? வாசலுக்கு வாசல் சாம்பல்தான். வெறுங்கையோடு திரும்பி வந்து, "நானே என் புள்ளைக்கு எமனாயிட்டேனே" என்று நின்றபடியே அழுதான்.

கௌரியம்மாள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. முறத்தைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். வாசலைப் பார்த்தாள். எரிந்து அடங்கிய போகிச் சாம்பலில் இன்னும் லேசாகப் புகை வந்தது.

"குப்பை எரிஞ்சா மட்டும் தங்கமாயிடுமா? இதுவும் குப்பைதான்யா!"

சாம்பலோரத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். இதமாயிருந்த இடத்தில் முறத்தை இறக்கி, பனி படாமல் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு குந்தினாள். பிள்ளையின் நெஞ்சையும் காலையும் தேய்த்தபடியே இருந்தாள். ஒரு உலை கொதிக்கிற நேரம் போயிருக்கும். பாதம் வெதுவெதுத்தது. உதடு சிவந்தது. திடீரென்று ஒரு தும்மல். அப்புறம் வீறிட்டது பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் கேட்டது!

அப்பாடா! கௌரியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாம்பலைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். நாலு நாளாக முந்தானையில் முடிந்து வைத்திருந்த தவிட்டை அவிழ்த்துப் பெருமாள் கையில் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

தமயந்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, என் புள்ளையக் குடுங்கக்கா."

"உன் புள்ளையா? யாருடி சொன்னா? தவிடு குடுத்து வாங்கினவ நானு. பால் வேணும்னா குடுத்துக்கோ, போ."

தமயந்தி சிரித்தாள், கூடவே அழுதாள், அப்புறம் முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சாம்பல் பொட்டை அவள் துடைக்கவில்லை.

குப்பம்மாள் என்றே பெயர் வைத்தார்கள். சுதந்திரம் வந்த வருஷம் அவள் தெருவையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். பெருமாள் மட்டும் போகிக்குப் போகி ஒரு கூடைக் குப்பையைக் கொளுத்தாமல் மூலையில் வைத்துவிடுவான். கேட்டால், "இருக்கட்டுங்க, எந்த வீட்டுக்காவது வேண்டியிருக்கும்" என்பான்.