மீன் வறுத்த எண்ணெய்

மாலாவுக்குப் பயம் பிறந்த வீட்டிலிருந்தே கூட வந்தது. அப்பா சுரங்கத்தில் இறங்கினார். பிறகு புருஷன் காத்தவராயன் இறங்கினான். ஷிப்ட் முடிந்து அவன் வாசலில் வந்து நிற்கும்வரை அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பயந்தார்கள்தான். இவள் அதை முழுநேர வேலையாகவே பார்த்தாள்.

தொண்ணூற்றாறில் அவனை இன்னும் ஆழமான லெவலுக்கு மாற்றினார்கள். மாலா மாரியம்மனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் எடுத்தாள். கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய்கூடக் கிடையாது. வெளியே சொன்னால் பலிக்காது என்று புருஷனைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலக்கிறார்கள் என்று கடையில் யாரோ சொன்னதும் அதையும் ஒதுக்கினாள். கடலை எண்ணெய் கொட்டையை ஆட்டி எடுத்தது, அதில் ஒரு தோஷமும் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாற்பத்தோராம் நாள், பக்கத்து வீட்டு பிலோமினாவிடம் போன வாரம் கைமாற்றாக வாங்கிய ஒரு கிண்ணம் எண்ணெயைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"இன்னாக்கா, புது எண்ணெயா குடுக்கறீங்க? நான் குடுத்தது மீன் வறுத்து வடிகட்டி டின்னுல ஊத்துனது. கடைசியா ஒரு துண்டு உருளக்கெழங்கு வறுத்து எடுத்துட்டா வாசமே தெரியாது."

ஒரு வாரமாக மாலா அந்த எண்ணெயில்தான் சமைத்துச் சாப்பிட்டிருந்தாள். அடுத்த நிமிஷம் தரை குலுங்கியது. பூமிக்கடியில் பாறை வெடித்திருந்தது. ஏர்பிளாஸ்ட் என்று கத்திக்கொண்டு எல்லாரும் சுரங்கத்தின் வாயான ஷாஃப்டை நோக்கி ஓடினார்கள். என் வாயால் என் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று அழுதபடி மாலாவும் ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தது. காத்தவராயன் புழுதியோடு, கீறல்கூட இல்லாமல் இறங்கினான். எண்ணெய் விஷயத்தை அவள் அவனிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் முதல் நாளிலிருந்து விரதத்தைத் திரும்ப ஆரம்பித்தாள்.

ஏழு நாள் கழித்து அவன் கையில் ஒரு டம்ளர் பாலோடு வந்தான். அவன் கணக்குக்கு விரதம் முடிந்துவிட்டது.

"குடி மாலா. அன்னிக்கி கீழ எல்லாரும் நடுங்கிப் போனாங்க. எனக்கு மட்டும் பயமே இல்ல. நீ விரதம் இருக்கறன்னுதான் தெனமும் தைரியமா எறங்கறேன்."

உண்மையைச் சொன்னால் நாளைக்கு அவனும் பயந்துகொண்டே இறங்குவான். மாலா டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.