பச்சைப் பேனாவால் இழுத்த கிளை

வீடியோ எடுக்கிற தொழிலில் கமராவைத் தூக்குவது கடைசி வேலை. முதல் வேலை, பெரிய தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து கிளை கிளையாகக் கோடு இழுத்து யோசிப்பது. மைண்ட் மேப் என்று பெயர். அந்தத் தாளுக்கு முன்னால் குந்தியிருந்து மண்டை காய்ந்தவர்களே, நீங்கள் என்னுடைய ஆட்கள்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கச் சேர்ந்தேன். கமராவுக்கு றிஸ்வி நானா, எடிட்டிங்குக்குச் செல்வி அக்கா. யாருடைய குரலையும் ஒருதரம் கேட்டால் எனக்கு வந்துவிடும். கப்பல் ஊதுவதுகூட வரும்.

நடுவில் கடை

கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர் பெருநாள் விளம்பரம் கேட்டு வந்தார். நடுவட்டத்தில் அவருடைய கடை. சுற்றிவரப் பாட்டு, விலைக்கழிவு, குழந்தைகள் உடுப்பு என்று இருபது கோடு. நானா சிவப்புப் பேனா, அக்கா பச்சை, நான் நீலம். நிறத்தைப் பார்த்தால் எழுதினது யாரென்று தெரியும். ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் நானாவிடம் கேட்டதை அவருடைய குரலிலேயே ஒரு கிழமை சொல்லித் திரிந்தேன்:

“என்ன தம்பி இது, என்ட கடய நடுவுல வெச்சி சிலந்தி கூடு கட்டின மாதிரி?”

அக்காவின் வட்டம்

குறும்படப் போட்டி ஒன்று வந்தது. செல்வி அக்கா வட்டத்துக்குள் ‘கருவாட்டுக்காரி’ என்று எழுதினா. ஒரு கிழமைக்குள் பச்சைக் கிளைகள் தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டன. ‘இயக்கம்’ என்ற கிளையில் தன் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றா. என்ன அக்கா என்றேன்.

“ஆறு வருசமா ஊராக்களின்ர கலியாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டியாச்சு, இது ஒண்டுதான் என்ர.”

கை பழகினது

தாளில் எழுதினால் எழுதினதுதான், அதைப் பற்றிப் பிறகு கதை இல்லை. வாயால் கதைத்தால் சண்டை வருகிறது என்று நானா வைத்த வழக்கம் இது. குரல் வருகிற எனக்குக் கையெழுத்து வராதா என்று ஒரு புளுகம், கொஞ்சம் பெருமை. ஒரு பின்னேரம் பச்சைப் பேனாவை எடுத்து, அக்காவின் பெயரை வெட்டி, அவவின் சரிந்த எழுத்திலேயே ‘எனக்கு ஏலாது, றிஸ்வி நானா செய்யட்டும்’ என்று எழுதிவைத்தேன். காலையில் இரண்டு பேரும் முழிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் அக்கா காய்ச்சல் என்று வரவில்லை. நானா தாளுக்கு முன்னால் கனநேரம் நின்றார். நான் கணினிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். போட்டிக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். நானா இயக்குநர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பினார். பிறகு, அக்கா கண்டால் கூசுவா என்று தாளைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அக்காவை ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன்.

“பாவம் தங்கச்சி, முகத்துக்கு நேர சொல்ல வெக்கப்பட்டுத்தான் எழுதிரிக்கா, அத நாம கேக்கப்படாது.”

அலுமாரிக்கு மேலே

அடுத்த நாள் அக்கா வந்து விண்ணப்பத்தின் பிரதியைப் பார்த்தா. நானா தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டா. ஒன்றும் கேட்கவில்லை, எங்களோடு தேத்தண்ணி குடிப்பதை மட்டும் விட்டுவிட்டா. நான் ஒவ்வொரு காலையும் சொல்லிவிடுவது என்று படியேறி, ஒவ்வொரு பின்னேரமும் சொல்லாமல் இறங்கினேன். நாலாம் நாள் கதிரையில் ஏறித் தாளை எடுத்து இரண்டு பேருக்கும் முன்னால் விரித்து, அந்தப் பச்சை எழுத்து என்னுடையது என்றேன்.

நானா உடனே போட்டிக்காரருக்குப் போன் பண்ணினார். முடிவுத் திகதிக்குப் பிறகு பெயர் மாற்ற ஏலாது என்றார்கள். பிறகு எடுத்த படம் அவர் பெயரில்தான் போனது. அக்கா வழக்கம்போல வெட்டி ஒட்டினா. வேலை முடிந்த அன்று கணினியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினா. ஏச்சு வாங்க ஆயத்தமாக நின்றேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“எல்லாற்ற குரலும் உனக்கு வரும், ஆனா நான் ஒருநாளும் ஏலாதெண்டு சொல்லுறதில்லை, அதைக் கவனிக்கேல்லையா பிள்ளை?”

மற்றவர்களைப் போலக் கதைக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நான்தான் செய்தேன் என்று சொல்ல நாலு நாள் எடுத்தது.