நடு நாற்காலியில் இருந்தவர்

தாம்சின் ராப்சனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று தார்ன்ஹோப் மாளிகையில் எல்லோரும் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல.

நார்தம்பர்லாந்து மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவர் ஒருவருக்கு ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவள் அவள். பதின்மூன்று வயதில் பெரிய வீடுகளில் வேலைக்குப் போனாள். முதலில் குழந்தைகள் அறைக்குக் கரி சுமந்து கணப்பு மூட்டும் வேலை, பிறகு தொட்டில் ஆட்டும் வேலை. முப்பத்திரண்டு வயதில்தான் ஒரு குழந்தையின் முழுப் பொறுப்பும் அவள் கைக்கு வந்தது. இடையில் ரயில்வே கார்டு ஒருவன் இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் அவளைப் பார்க்க வந்தான். மூன்றாம் வருஷம் வரவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அவளிடம் வந்த குழந்தையின் பெயர் சிபில். தகப்பனார் சர் வால்டர் தார்ன்ஹோப், பரம்பரைப் பட்டம் உள்ளவர். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் காலாட்படை அதிகாரி. தன் தந்தை இறந்து பட்டம் கைக்கு வந்தபோதும் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. மறு வருஷமே மனைவி ராவல்பிண்டியில் காய்ச்சலில் போய்விட்டாள். அங்கே பணியில் இருந்த மற்றவர்களைப் போலவே அவரும் நான்கு வயதுக் குழந்தையைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார். மாளிகையை நிர்வகித்தவர் அவருடைய அத்தை மிஸ் ஹொனோரியா. வருஷத்துக்கு ஒரு வேலையாளையாவது விரட்டாவிட்டால் அந்த அம்மாளுக்குத் தூக்கம் வராது. அதனால் சர் வால்டரை நேரில் பார்த்த பழைய ஆள் ஒருவர்கூட வீட்டில் மிச்சமில்லை.

குழந்தையின் பெட்டியில், துணிகளுக்கு அடியில் ஒரு புகைப்படம் இருந்தது. நான்கு அதிகாரிகள். ஒருவர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மூவர் அவர் பின்னால் நின்றார்கள். பெயர் எதுவும் எழுதப்படவில்லை. தாம்சின் அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய்ச் சமையல்காரி மிஸஸ் டாட்ஸிடம் காட்டினாள்.

"இதுல ஐயா யாரு?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாருக்கும் ஒரே மீசை, ஒரே தொப்பி. பட்டாளத்துல சட்டையோட மூஞ்சியும் சேத்துக் குடுப்பாங்க போல."

"ஹொனோரியா அம்மாகிட்டக் கேக்கட்டுமா?"

"கேளேன். சோறு போடற எஜமான் மூஞ்சியே தெரியாதான்னு ஒரு பார்வை பாப்பாங்க. அப்புறம் உன் பெட்டியை நான் கட்டித் தரேன்." மிஸஸ் டாட்ஸ் மாவு ஒட்டிய விரலால் படத்தைத் தட்டினாள். "இதுல யோசிக்க என்னடி இருக்கு? பட்டம் உள்ளவர் நிப்பாராம், மத்தவன் உக்காருவானாம். எந்த ஊர்லயாவது உண்டா?"

தாம்சினுக்கும் அது சரியென்றே பட்டது. அந்த வீட்டில் விருந்துக்கு யார் முதலில் நடப்பது, யார் எங்கே அமர்வது என்பதெல்லாம் பட்டத்தின் கணக்கு. கீழே வேலைக்காரர்கள் சாப்பிடும் மேஜையில்கூட, விருந்தாளிகளோடு வந்த ஆட்கள் தங்கள் எஜமானரின் வரிசைப்படிதான் உட்கார்ந்தார்கள். குழந்தைக்குக் குழப்பம் வேண்டாமென்று அவள் ஓர் அட்டையில் முட்டை வடிவத்தில் துளை வெட்டி, நாற்காலியில் இருந்தவர் மட்டும் தெரியும்படி படத்துக்குச் சட்டம் போட்டாள்.

ஐந்து வருஷம் சிபில் அந்த முகத்துக்கு முன்னால் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தாள். பல் விழுந்ததையும் கோழி முட்டையிட்டதையும் அதனிடம் சொன்னாள். குழந்தை கேட்ட கேள்விகளுக்குத் தாம்சின் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பாவுக்கு ஓட்ஸ் கஞ்சி பிடிக்கும். அப்பா கதவை மெதுவாகத்தான் சாத்துவார். அப்பாவுக்கு இடி என்றால் பயமே கிடையாது. எதுவும் அவளுக்குத் தெரிந்ததல்ல. அன்பினால் சொன்னாள் என்று அதை மன்னித்துவிடலாம். ஆனால் அன்பினால் சொல்லும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. குழந்தைகள் அறை மாடியில் இருந்தது. பெரியவர்கள் அங்கே ஏறுவது வழக்கமில்லை. தினமும் மாலை ஐந்து மணிக்குக் குழந்தையைத்தான் தலை வாரிக் கீழே அழைத்துப் போவார்கள், ஒரு மணி நேரத்தில் திரும்ப மேலே கொண்டுவந்துவிடுவார்கள்.

1899 மே மாதம் சர் வால்டர் ஊர் திரும்பினார். அன்றும் ஐந்து மணிக்குத்தான் தாம்சின் சிபிலை வரவேற்பறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னலருகில் ஒல்லியான, உயரமான ஒருவர் தடியை ஊன்றி நின்றார். வெளிறிய மீசை, நீண்ட முகம். சிபில் பாதி அறை வரை ஓடி, சட்டென்று நின்றாள்.

"இவர் எங்க அப்பா இல்ல."

"சிபில்!" என்றார் மிஸ் ஹொனோரியா.

"இல்ல அத்தைப் பாட்டி. இவர் வேற யாரோ."

"விடுங்க அத்தை. என்னைப் பாத்து அஞ்சு வருஷம் ஆச்சு, குழந்தைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"விடறதாவது! ஒரு பட்டாளத்தையே கட்டி மேய்க்கிறவன், ஒம்பது வயசுப் பொண்ணுகிட்டத் தோத்துப் போறியா வால்டர்? ராப்சன், இவளை மேல கொண்டு போ. இவளா இறங்கி வந்து அப்பான்னு கூப்பிடற வரைக்கும் ரொட்டியும் பாலும்தான். தோட்டம் கிடையாது, நாய் கிடையாது."

மாடிப்படியில் சிபில் தாம்சினின் கையைப் பிடித்து இழுத்தாள். "ராபி, நீயும் பாத்தல்ல? அவர் இல்லதானே? நீ சொல்லேன்!"

தாம்சினும் பார்த்திருந்தாள். ஜன்னலருகில் நின்ற முகத்துக்கும் சட்டத்தில் இருந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவள் குழந்தையை மேலே நடத்திக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் அப்படியே கழிந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். மிஸ் ஹொனோரியா நற்சான்றுக் கடிதம் தரமாட்டார். அது இல்லாத பெண்ணை எந்த வீட்டிலும் குழந்தையின் பக்கத்தில் விடமாட்டார்கள். தங்கை வீட்டில் ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஆறு பேர். இதையெல்லாம்விட, சிபிலை இனி பார்க்க முடியாது. மூன்றாம் நாள் காலை ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டே சிபில் சொன்னாள்:

"நான் அப்பான்னு சொல்லிடறேன் ராபி."

"ஏன் கண்ணு?"

"வெளில போகணும். பொய் சொன்னதா ஆகும்தான். ஆனா எல்லாரும் அதைத்தானே சொல்லச் சொல்றாங்க."

தாம்சின் சட்டத்தை எடுத்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். வேலைக்காரர்கள் இறங்கும் பின்படியை விட்டு, முன்படி வழியாகவே இறங்கிப் போனாள்.

காலை உணவு மேஜையில் மிஸ் ஹொனோரியா தலை நிமிர்ந்தார். "உன்னை யார் கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடலைம்மா. ஐயா, குழந்தை மேல தப்பில்ல. வேற ஒருத்தரைக் காட்டி இவர்தான் அப்பான்னு நான்தான் வளத்துட்டேன்."

சர் வால்டர் சட்டத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது ஹோல்ட். மேஜர் ஹோல்ட்."

"நாற்காலில இருக்கறவர்தான் ஐயாவா இருக்கும்னு நினைச்சேன்."

"அங்க நாற்காலி அப்படிக் கிடைக்காது ராப்சன். இவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மகன். எனக்கு நாலு வருஷம் முன்னாடி படைக்கு வந்தவர். அதனால அவர் உக்காருவார், நான் நிப்பேன்." அவர் அட்டையை உருவினார். இடது ஓரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஓர் ஒல்லி ஆள் நின்றிருந்தார். "குழந்தை ஹோல்டைப் பாத்து ஏதாவது சொல்லுவாளா?"

"தினமும் 'அப்பாவைப் பத்திரமா வச்சிரும் ஆண்டவரே'ம்பா. அப்புறம் அன்னிக்கு நடந்ததெல்லாம்."

"இவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு கணவாய்ல நாங்க பின்வாங்கினப்போ, கடைசி ஆளா நின்னவர். கல்யாணம் ஆகலை, வீட்டுலயும் யாரும் இல்ல. இவருக்காக வேண்டிக்க உலகத்துல ஒரு ஜீவன் கிடையாதுன்னு நினைச்சிருந்தேன்."

"வால்டர், இவளை இன்னிக்கே அனுப்பியாகணும்," என்றார் மிஸ் ஹொனோரியா.

"அத்தை, இந்த வீட்டு எஜமான் யாருன்னு ராப்சனுக்குத் தெரியாமப் போச்சு. உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் தடியை எடுத்துக்கொண்டு குழந்தைகள் அறைக்கு ஏறினார். உட்கார அங்கே சின்ன முக்காலிதான் இருந்தது. அதில் அமர்ந்தபோது அவர் முழங்கால் நெஞ்சு வரை வந்தது. சிபில் சிரிக்கவில்லை.

"நீ சொன்னது சரி," என்றார். "படத்துல இருந்தவர் நான் இல்ல. ஆனா உன் அப்பா நான்தான்."

"அப்ப அவர் எங்க?"

"செத்துப் போயிட்டார்."

சிபில் தாம்சினைத் திரும்பிப் பார்த்தாள். "கஞ்சி பிடிக்கும்னியே ராபி?"

"எனக்குத் தெரியாது கண்ணு. நானா சொன்னது."

"இடிக்குப் பயமில்லன்னியே?"

"அதுவும்தான்."

சிபில் சர் வால்டரிடம் கேட்டாள்: "உங்களுக்குக் கஞ்சி பிடிக்குமா?"

"சுத்தமாப் பிடிக்காது."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அழுகை யாருக்காக என்று கேட்க இருவருக்கும் துணிவில்லை. கடைசியில் அவர் தடியை ஊன்றி எழுந்தார். "என்னை அப்பான்னு கூப்பிடணும்னு இல்ல. தோணினா கூப்பிடு. இன்னிக்குத் தோட்டத்துக்குப் போ, நாய் காத்துக்கிட்டு இருக்கு."

தாம்சினின் வேலை போகவில்லை. ஆனால் ஒரு வாரம் சிபில் அவளிடம் காலணியைக் கொடு, சீப்பைக் கொடு என்பதற்கு மேல் பேசவில்லை. தலை வாரும்போது கண்ணாடியில்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தாம்சின் அந்த வீட்டில் இன்னும் எட்டு வருஷம் இருந்தாள். பிறகு வேறு வீடுகளிலும் குழந்தைகள் வளர்த்தாள். தான் பார்த்திராத ஒருவரைப் பற்றி எந்தக் குழந்தைக்கும் அவள் மறுபடி கதை சொன்னதில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொன்னாள். அதனால் அவளை உணர்ச்சியற்றவள் என்று சில தாய்மார்கள் நினைத்தார்கள்.

அந்தக் கோடை முழுவதும் சிபில் தகப்பனாரை 'சார்' என்றே அழைத்தாள். இருவரும் ஆற்றங்கரையில் நடந்தார்கள். நொண்டும் காலுக்கு ஏற்றாற்போல் அவள் தானாகவே மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டாள். அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போர் மூண்டது. கால் ஓரளவு தேறியிருந்த சர் வால்டர் புறப்பட்டுப் போனார். ரயில் நிலையத்தில் சிபில் அவருக்குக் கை கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவள் அவருக்குக் கடிதம் எழுதத் தாளும் மைக்கூடும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனா காய்ந்தது. மறுபடி தொட்டாள், மறுபடி காய்ந்தது.

"ராபி, முதல் வரில அவரை என்னன்னு கூப்பிட்டு எழுதறது?"

"எனக்குத் தெரியாது கண்ணு."

"எப்பவும் நீதானே சொல்லுவே?"

"சொல்லித்தானே இவ்வளவும் ஆச்சு."

தாம்சின் எழுந்து ஜன்னலருகே போய், வெளியே பார்த்தபடி நின்றாள். பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது. சிபில் கடிதத்தை மடித்து உறையிலிட்டு அரக்கு வைத்து முடிக்கும்வரை அவள் திரும்பவில்லை.