சீறாத பெட்டி

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. அத்தானோடு வேலை பார்க்கும் பெண்தான் அழைத்தாள். அக்கா போனை எடுக்கவில்லையாம். "சார், நீங்க உடனே வர முடியுமா?" என்றாள். பிறகு, "போயிட்டார் சார்" என்றாள்.

காது கேட்கிறதா என்று சோதிப்பதுதான் அத்தானின் வேலை. வெளிச்சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிடுவார். வெளியே வந்து பொத்தானை அழுத்துவார். சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பொத்தான்களின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார். உள்ளே இருந்த பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. சத்தம் வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறார். வரவில்லை. தன் காது ஒரேயடியாகப் போய்விட்டது என்று முடிவுகட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வெளியே வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. அத்தான் மட்டும் இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே கவலை, ஒரு பெட்டி. இசைத்தட்டுக் கருவியில் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் என்று உயர்ந்த ரக ஊசி ஒன்றை மாட்டியிருந்தார். உயர்ந்த ரகத்துக்கு உயர்ந்த குணம்: அது வாயே திறக்காது. அதிலிருந்து வருவது கொசு முனகுகிற அளவு மின்சாரம்தான். ஃபோனோ ப்ரீஆம்ப் என்கிற பெட்டி அதைப் பெரிதாக்கினால்தான் பாட்டாகும். பெரிதாக்கும்போது பெட்டி தன் சொந்தச் சீறலையும் சேர்த்துவிடும். சீறாத பெட்டியாக, அதே நேரத்தில் பாட்டைத் துலக்கமாகக் கொடுக்கிற பெட்டியாக வேண்டும் என்று அத்தான் தேடத் தொடங்கினார்.

தேடினார், தேடினார், அப்படித் தேடினார். கடைக்காரர் நல்ல மனிதர். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கக் கொடுப்பார். ஒவ்வொரு பெட்டியையும் சில நாளில் அத்தான் திருப்பிக்கொண்டு போவார். எல்லாவற்றுக்கும் ஒரே குறை: "பாட்டு மேல போர்வை போர்த்தின மாதிரி இருக்கு."

"சார், என் பெட்டிங்களத் தெருவுல விட்டா அதுங்களே உங்க வீட்டுக்கு வழி கேக்காமப் போயிடும்" என்றார் கடைக்காரர்.

"நல்லதா ஒண்ணு குடுத்தா நான் ஏன்யா திரும்பி வரேன்?"

பெட்டியைச் சோதிக்க அத்தானிடம் ஒரு முறை இருந்தது. தட்டே போடாமல் ஒலியை முழுக்கத் திருகிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துச் சும்மா கேட்பார். பாட்டுக் கேட்பதற்காக வாங்கிய கருவியில் கடைசி இரண்டு வருடம் அவர் அதிகம் கேட்டது இந்தச் சும்மாவைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது புதுப் பெட்டி வந்திருந்தது. ஒலியை முழுக்கத் திருகினார். ஸ்பீக்கர் 'உஸ்ஸ்' என்று இரைந்தது. உள்ளே இருந்த அக்கா அரக்கப்பரக்க மாடிக்கு ஓடினாள். காய்ந்த துணிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்ன இது? மழைன்னு ஓடினா மேல வெயில் கொளுத்துது" என்றாள்.

"மழையா? எங்க?" என்றார் அத்தான். ஸ்பீக்கரிலிருந்து காதை எடுத்தார். அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "பாத்தியா மச்சான், பொட்டுச் சத்தம் இல்ல. இதான் பெட்டி!"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் துணிகளைப் பார்த்தேன்.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினாள். "உனக்குக் கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சுக்கா."

"அவருக்குக் கேக்கல. கூர்மையான சத்தம் எதுவும் கேக்கல. பெட்டி மாத்தி என்ன பிரயோஜனம்? தெரிஞ்சா வேலையும் போச்சு, பாட்டும் போச்சுன்னு உடைஞ்சிடுவாரு. நீ சொல்றியா?"

"நானா? நமக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னுதான் அவர் என்னை மதிக்கிறதே."

வேடிக்கை என்னவென்றால், சோதனைக்கு வருகிறவர்களின் மனைவிமாரிடம் அத்தான் வழக்கமாகச் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: "காது போறது காதுக்காரனுக்குத் தெரியாதும்மா. உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். தயங்காம சொல்லிடணும்." அக்கா தயங்கினாள். ஒரு மாதம் தயங்கிவிட்டு, "ஒரு தடவை உங்க ரூம்ல நீங்களும் உட்காந்து பாருங்களேன்" என்றிருக்கிறாள்.

"பெட்டி வாங்கும்போது பெட்டியப் பாப்பாங்களா, ஆளப் பாப்பாங்களா?" என்று எரிந்து விழுந்தாராம். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. சாப்பாட்டுக்குக்கூடத் தட்டின் ஓசைதான் அழைப்பு.

போன மாதம் ஒரு மாலை வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் அக்காவை சோபாவில் உட்காரவைத்தார். "நான் மெதுவாத் திருகறேன். சீறல் கேட்டா கையத் தூக்கு" என்றார்.

"நான் என்ன உங்க பேஷண்ட்டா?"

"தூக்கேன்."

திருகத் தொடங்கியதுமே அக்கா கையைத் தூக்கிவிட்டாள். அத்தான் மேலும் திருகினார். முழுக்கத் திருகினார். அவருக்கு ஒன்றுமில்லை. தூக்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பொய்க்கு ஒரு தடவை இறக்கிவிடலாமா என்று நினைத்ததாகவும், கை இறங்க மறுத்ததாகவும் அக்கா சொன்னாள். பிறகு அவரே போய் எல்லாவற்றையும் அணைத்தார்.

"பெட்டிங்க மேல தப்பில்ல" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாராம்.

மறுநாளிலிருந்து தேர்வு அக்காவின் காதுக்கு மாறியது. கடைக்காரர் தூக்கித் தூக்கிக் கொடுத்தார். அக்கா கை தூக்கத் தூக்க அவை திரும்பிப் போயின. கடைசியில் அவள் கை மடியிலேயே இருந்தது ஒரே ஒரு பெட்டிக்கு. எல்லாவற்றுக்கும் முதலில் வந்து, போர்வை என்று பெயர் வாங்கித் திரும்பிப் போன அதே பெட்டி.

"சார், இது நீங்க முத முதல்ல கழிச்சதாச்சே!"

"அன்னிக்குக் கேட்டது வேற ஆளுய்யா" என்றாராம் அத்தான்.

திங்கட்கிழமை இரவு இருவரும் ஒரு தட்டு முழுவதையும் கேட்டார்கள். பக்கம் மாற்றுவதற்கு மட்டும்தான் எழுந்தார். எப்படி இருக்கிறது என்று அக்காவைக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கருவியைப் பற்றி அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. "நல்லா இருக்கு. உச்சத்துக்குப் போறப்ப மட்டும் கொஞ்சம் குத்துது" என்றாள்.

"அது ஒண்ணும் இல்ல, காலையில ஒரு படி இறக்கிடறேன்."

பெட்டியின் அடியில் அதற்குக் குட்டிக் குட்டியாகச் சுவிட்சுகள் உண்டு, இடது ஸ்பீக்கருக்கு ஒரு வரிசை, வலதுக்கு ஒரு வரிசை. செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, பல்குச்சி முனையால் தள்ளிக்கொண்டிருந்தவர், மணியைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

இடது வரிசை அக்கா கேட்டபடி ஒரு படி இறங்கியிருக்கிறது. வலது வரிசை மாற்றப்படவில்லை.