காலில்லாத தண்டு

1905 வசந்தம். ஹங்கேரியின் ஹலாஷ் ஊர் லேஸ் பட்டறையில் அன்று காலை எல்லாருக்கும் அவசரம். மத்தியான ரயிலில் புடாபெஸ்ட் கண்காட்சிக்குப் போக வேண்டிய லேஸ் கழுத்துப்பட்டி, அடியில் தாங்கலாக வைத்துத் தைத்த இரட்டைத் துணியை விட்டு இன்னும் பிரியவில்லை.

பட்டிக்குப் படம் வரைந்தவள் ஹெர்மினா. இடையர்களின் கம்பளி அங்கியில் பூத்திருக்கும் துலிப் பூக்களை எடுத்து, அவற்றைச் சுற்றி இந்தக் காலத்துப் பாணியில் சாட்டையாக வளைந்தோடும் ஒரு நீளத் தண்டு போட்டிருந்தாள். வழக்கமாக லேஸ் துவளாமல் நிற்க, கோட்டுக்குக் கோடு மெல்லிய நூல் இணைப்பு கொடுப்பார்கள். சிலந்திக்கால் என்று பேர். பூக்களுக்கிடையே அது இருந்தது. தண்டுக்கு மட்டும் ஒன்றுகூட வேண்டாம், வெற்றிடம்தான் அழகு என்று பிடிவாதம் பிடித்தாள். பூக்களை மற்றப் பெண்கள் தைக்க, தண்டைத் தைத்தவள் போர்பாலா. ஒரு குளிர்காலம் முழுக்க அவள் கண்ணைத் தின்றது அந்தத் தண்டு.

போர்பாலா இரண்டு துணிகளுக்கும் நடுவே கத்தியை விட்டு, பிடித்திருந்த தையல்களை அறுத்தாள். கை பிசகினால் லேஸும் சேர்ந்து போகும். கடைசியில் முழுசாக விடுபட்டதைப் போர்பாலா தூக்கிப் பிடித்தாள். பூக்கள் அசையாமல் நின்றன. தண்டு துவண்டு அவற்றின் மேலேயே சரிந்தது.

"போச்சு," என்றாள் போர்பாலா.

"இப்பச் சிலந்திக்கால் போட்டா, அக்கா?"

"துணியை விட்டு வந்ததுல போட்டா சுருங்கிக்கும்."

"வெல்வெட்டுல தைச்சு அனுப்பிடலாமா?"

"தூக்கிப் பிடிச்சு வெளிச்சத்துல பாக்கறவங்கடி கண்காட்சிக்காரங்க." போர்பாலா பெருமூச்சு விட்டாள். "நானும்தானே தலையாட்டினேன். காகிதத்துல அவ்வளவு அழகா இருந்துச்சு, பாழாப்போனது."

பூ தைத்த பெண்கள் ஊசியை வைத்துவிட்டு ஹெர்மினாவையே பார்த்தார்கள். அவர்கள் பூ என்ன பாவம் செய்தது? ஹெர்மினா கத்தரியை எடுத்தாள்.

"தண்டை எடுத்துடுவோம்."

"உன் பேர் சொல்றதே அதுதானேடி?"

"உங்க குளிர்காலமும் அதுதானே." கத்தரியை நீட்டினாள்.

போர்பாலா வாங்கவில்லை. "தைச்ச கையால அறுக்கச் சொல்லாத. நீயே வெட்டு."

இரண்டு முனையிலும் ஹெர்மினா வெட்டினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போர்பாலா தண்டைச் சுருட்டித் தன் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டு, கண்காட்சிக்குப் போகும் பெட்டியை இழுத்தாள்.

"அழறதுன்னா தள்ளி நின்னு அழு. பூ நனையும்."